திருந்திய ஊரும் திரும்பி வந்த நபியும்
நபி யூனுஸ் (அலை) அவர்களின் வாழ்க்கை வரலாறு





அழிக்கப்பட்ட சமுதாயங்களின் வரலாறு திருமறையில் பல இடங்களில் வருகின்றது. நூஹ் (அலை) அவர்களின் கூட்டத்தார் வெள்ளத்தில் மூழ்கினர். ஆது கூட்டத்தார் ஏழு இரவுகளும் எட்டுப் பகல்களும் இடைவிடாது வீசிய கொடுங்காற்றில் மடிந்தனர். ஸமூது கூட்டத்தார் பெருமுழக்கத்தில் வீழ்ந்தனர். லூத் (அலை) அவர்களின் ஊர் தலைகீழாகப் புரட்டப்பட்டது. இவர்கள் அனைவருக்கும் எச்சரிக்கை வந்தது. ஆனால் அச்சமுதாயங்கள் அதற்குச் செவிசாய்க்கவில்லை.

ஓர் ஊர் மட்டும் இவ்வரிசையில் சேரவில்லை. வேதனை அவ்வூரை நெருங்கி வந்து, பின் அகற்றப்பட்டது. அவ்வூர் நீனவா. அங்கு அனுப்பப்பட்ட தூதர் நபி யூனுஸ் (அலை) அவர்கள். வேதனை நெருங்கிய பின் கொண்ட ஈமான் வேறெந்த ஊருக்கும் பயனளித்ததில்லை, யூனுஸ் நபியின் சமூகத்தார்க்கு மட்டுமே பயனளித்தது என்று திருக்குர்ஆனின் 10ஆவது அத்தியாயம் 98ஆவது வசனம் அறிவிக்கின்றது. 109 வசனங்களைக் கொண்ட அந்த அத்தியாயத்தில் அந்நபியின் பெயர் வருவது இந்த ஓரிடத்தில் மட்டுமே. இருந்தும் அத்தியாயம் முழுமைக்கும் அவர்களின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. அந்த ஒரு செய்தி எத்துணை மகத்தானது என்பதை இதிலிருந்தே நாம் உணரலாம்.

பெயரும் மரபும்

யூனுஸ் (அலை) அவர்கள் இஸ்ராயீலின் சந்ததியில் தோன்றியவர்கள். நபிமொழிகளில் இவர்கள் யூனுஸ் இப்னு மத்தா என்று குறிப்பிடப்படுகின்றார்கள். யூதர்களும் கிறிஸ்தவர்களும் இவர்களை யோனா என்று அழைப்பர். எபிரேய மொழியில் யோனா என்பதற்குப் புறா என்று பொருள். யூத வேதநூலின்படி இவர்கள் கலிலேயாப் பகுதியிலுள்ள காத்கேப்பேர் என்னும் ஊரைச் சார்ந்தவர்கள். இரண்டாம் எரொபெயாம் என்னும் இஸ்ரவேல் அரசரின் காலத்தை ஒட்டி வாழ்ந்தவர்கள். அது கி.மு. 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதியாகும்.

திருக்குர்ஆனில் யூனுஸ் என்னும் பெயர் நான்கு இடங்களில் வருகின்றது. அன்னிஸா, அல்அன்ஆம் அத்தியாயங்களில் ஏனைய நபிமார்களோடு சேர்த்தும், யூனுஸ், அஸ்ஸாஃப்பாத் அத்தியாயங்களில் வரலாற்றுடனும் அப்பெயர் இடம்பெறுகின்றது. அல்அன்பியா அத்தியாயத்தில் மீனுடையவர் என்னும் பொருளில் துன்னூன் என்றும், அல்கலம் அத்தியாயத்தில் மீனின் தோழர் என்றும் குறிப்பிடப்படுகின்றார்கள். ஒரு நபியை அவர் பட்ட சோதனையின் பெயராலேயே அல்லாஹ் அழைத்திருப்பது சிந்திக்கத்தக்கது.

நீனவா மாநகரம்

நீனவா, இன்றைய இராக்கில் மோசூல் நகருக்கு எதிரே, திஜ்லா என்னும் டைகிரிஸ் ஆற்றின் கிழக்குக் கரையில் இருந்தது. அசீரியர் என்னும் வலிமை மிக்க மக்களின் பெருநகரங்களுள் அதுவும் ஒன்று. பிற்காலத்தில் கி.மு. 705 முதல் 681 வரை ஆண்ட சனகெரிப் என்னும் அரசன் அதனைத் தலைநகராக்கினான். அவன் எழுப்பிய மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். அசுர்பனிப்பால் என்னும் அரசன் தொகுத்த நூலகத்தின் களிமண் ஏடுகள் 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து தோண்டி எடுக்கப்பட்டன. அவற்றுள் 30,000க்கும் மேற்பட்ட ஏடுகளும் துண்டுகளும் இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன.

செல்வமும் படைபலமும் கல்வியும் நிறைந்த அம்மக்களிடம் இறையச்சம் இல்லை. அவர்கள் சிலைகளை வணங்கினர். எளியோரை வருத்தினர். வென்ற நாட்டினரிடம் இரக்கமற்று நடந்துகொண்டதை அசீரிய அரசர்கள் தம் அரண்மனைச் சுவர்களில் பெருமையோடு செதுக்கி வைத்தனர். இத்தகைய மக்களிடம்தான், ஆயுதமோ ஆள்பலமோ இல்லாத ஒரு மனிதர் தூதராக அனுப்பப்பட்டார்கள். அவ்வூரின் மக்கள்தொகை ஓர் இலட்சம் அல்லது அதற்கும் மேல் என்று அஸ்ஸாஃப்பாத் அத்தியாயம் கூறுகின்றது.

எச்சரிக்கையும் புறப்பாடும்

யூனுஸ் (அலை) அவர்கள் அம்மக்களை ஓரிறைக் கொள்கையின்பால் அழைத்தார்கள். அநீதியைக் கைவிடுமாறு அறிவுறுத்தினார்கள். நெடுங்காலம் அழைத்தும் மக்கள் ஏற்கவில்லை. மறுத்தனர், ஏளனம் செய்தனர். இறுதியில், குறித்த தவணைக்குள் திருந்தாவிடில் இறைவேதனை இறங்கும் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். அத்தவணை மூன்று நாட்கள் என்பது நம் உரையாசிரியர்களிடையே பரவலாக உள்ள செய்தி; யூத வேதநூலில் நாற்பது நாட்கள் என்றுள்ளது.

எச்சரித்த பின் அவர்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். தம் சமூகத்தார் மீது கொண்ட கோபமே அதற்குக் காரணம். ஊரை விட்டுச் செல்லுமாறு இறைவனிடமிருந்து கட்டளை வருவதற்கு முன்பே அவர்கள் புறப்பட்டு விட்டார்கள். நபிமார்கள் பாவம் செய்வதினின்றும் பாதுகாக்கப்பட்டவர்கள் என்பது நம் கொள்கை. ஆகவே மார்க்க அறிஞர்கள் இதனைப் பாவமென்று கூறாமல், பொறுத்திருக்க வேண்டிய நேரத்தில் நிகழ்ந்த அவசரம் என்றே விளக்குகின்றனர். அந்த அவசரமும் மார்க்கத்தின் மீது கொண்ட பற்றினால் எழுந்ததே. எனினும் உயர்ந்த பதவியில் இருப்போரிடம் சிறு அவசரத்திற்கும் விசாரணை உண்டு என்பதை அடுத்து நிகழ்ந்தவை காட்டின.

கடலும் மூன்று இருள்களும்

கடற்கரையை அடைந்த நபியவர்கள், ஏற்கெனவே பாரம் நிறைந்திருந்த ஒரு கப்பலில் ஏறினார்கள். நடுக்கடலில் கப்பல் தத்தளித்தது. கப்பலில் உள்ளவர்களுள் ஒருவரைக் கடலில் இறக்கினாலன்றித் தப்ப இயலாது என்று முடிவாகிச் சீட்டுக் குலுக்கினர். யூனுஸ் (அலை) அவர்களின் பெயரே வந்தது. அவர்களின் முகத்தில் இருந்த நன்மையின் அடையாளத்தைக் கண்டு மக்கள் தயங்கினர் என்றும், மும்முறை குலுக்கியும் அவர்களின் பெயரே வந்தது என்றும் உரைநூல்கள் கூறுகின்றன. அவர்கள் கடலில் விழுந்தார்கள். பெருமீன் ஒன்று அவர்களை விழுங்கியது.

இரவின் இருள், ஆழ்கடலின் இருள், மீன் வயிற்றின் இருள் என மூன்று இருள்கள் அவர்களைச் சூழ்ந்தன. அங்கே எத்தனை நாட்கள் இருந்தார்கள் என்பதைத் திருக்குர்ஆன் கூறவில்லை. மூன்று, ஏழு, நாற்பது என்று அறிஞர்களிடையே பல கருத்துகள் உண்டு. ஆனால் அங்கே அவர்கள் செய்த துஆவைத் திருக்குர்ஆன் பாதுகாத்துத் தந்துள்ளது. நம் இல்லங்களில் துன்பம் நேரும்போதெல்லாம் ஓதப்படும் துஆ அது. அதில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன: முதலாவது, அல்லாஹ் ஒருவனே வணக்கத்திற்குரியவன் என்னும் உறுதி. இரண்டாவது, அவன் எல்லாக் குறைகளினின்றும் தூயவன் என்னும் துதி. மூன்றாவது, தம் தவறைத் தாமே ஒப்புக்கொள்ளும் பணிவு.

அத்துஆவில் நீனவா மக்களைப் பற்றிய முறையீடு ஒன்றுகூட இல்லை. தம்மைக் கடலில் இறக்கியவர்களைப் பற்றிய குறையும் இல்லை. வெளியே கொண்டு வருமாறு கேட்கும் சொல்லும் இல்லை. தவறு தம்முடையது என்பதை மட்டுமே அவர்கள் கூறினார்கள். அல்லாஹ் அதை ஏற்றுத் துயரிலிருந்து அவர்களைக் காப்பாற்றினான். இவ்வாறே முஃமின்களையும் காப்பாற்றுவதாக அல்அன்பியா அத்தியாயத்தில் வாக்களிக்கின்றான். எந்த முஸ்லிம் இந்தத் துஆவைக் கொண்டு எதனைக் கேட்டாலும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி திர்மிதீ நூலில் பதிவாகியுள்ளது.

யூனுஸ் (அலை) அவர்கள் இறைவனைத் துதிப்போருள் ஒருவராக இல்லாதிருந்தால் மறுமை நாள் வரை மீன் வயிற்றிலேயே தங்கியிருக்க நேர்ந்திருக்கும் என்றும் திருமறை கூறுகின்றது. இன்ப நாளில் இறைவனை நினைத்தவரின் குரல் துன்ப நாளில் அவனிடம் பழகிய குரலாக இருக்கும் என்று இதற்குப் பெரியோர் விளக்கம் தருவர்.

நகரம் திருந்திய நாள்

நபியவர்கள் புறப்பட்ட பின் நீனவாவில் நிகழ்ந்தது என்ன? உரையாசிரியர்கள் தரும் செய்தி இது. வானில் கரிய மேகம் திரண்டது. புகை போன்ற இருள் நகரின் மீது கவிந்தது. மக்கள் நபியவர்களைத் தேடினர், காணவில்லை. அவர்கள் ஊரில் இல்லை என்பதே எச்சரிக்கை உண்மை என்பதற்குச் சான்றாயிற்று. அச்சம் ஊரைப் பற்றிக்கொண்டது.

அரசன் முதல் ஏழை வரை அனைவரும் முரட்டுக் கம்பளி உடுத்தித் திறந்தவெளிக்குச் சென்றனர். முதியோரையும் கைக்குழந்தைகளையும் உடன் கொண்டு சென்றனர். ஆடுமாடுகளையும் ஓட்டிச் சென்றனர். தாய்களிடமிருந்து பிள்ளைகளையும், பசுக்களிடமிருந்து கன்றுகளையும் பிரித்து நிறுத்தினர். மனிதரின் அழுகையும் கால்நடைகளின் கதறலும் ஒன்றாகி எழுந்தன. அவ்வேளையில் அவர்கள் உளமாரப் பாவமன்னிப்புக் கேட்டனர்.

இத்துடன் அவர்கள் நிற்கவில்லை. நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் பெயரால் உரைநூல்களில் வரும் ஒரு செய்தியை நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். நீனவா மக்கள், ஒருவருக்கொருவர் இழைத்த அநீதிகளைத் திருப்பிச் சரிசெய்தனர். பிறருக்குரிய பொருளை உரியவரிடம் ஒப்படைத்தனர். பிறருடைய கல்லை எடுத்துத் தன் வீட்டுக் கடைக்காலில் வைத்துக் கட்டியிருந்தவன்கூட, சுவர் நிற்குமா விழுமா என்று பாராமல் அக்கல்லைப் பெயர்த்தெடுத்துச் சொந்தக்காரனிடம் கொண்டு சேர்த்தான்.

கருங்கல்லால் கடைக்கால் இடும் நம் தர்மபுரி மாவட்டத்தாருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. கட்டிய வீட்டின் கடைக்காலிலிருந்து ஒரு கல்லை உருவினால் மேலே உள்ள சுவர் என்னவாகும் என்பதை நாம் அறிவோம். அந்த இழப்புக்கும் அம்மக்கள் ஆயத்தமானார்கள். தவ்பா என்னும் சொல்லுக்குத் திரும்புதல் என்று பொருள். அவர்கள் இறைவனிடம் திரும்பினர். பிறர் பொருளும் உரியவரிடம் திரும்பியது. அதன் பின்னரே மேகம் விலகியது.

இங்கு ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். நீனவா திருந்தியது யூனுஸ் (அலை) அவர்கள் கடலில் இருந்தபோது என்று பலரும், மீனிலிருந்து வெளிவந்து மீண்டும் அனுப்பப்பட்ட பின்னர் என்று சிலரும் கூறுகின்றனர். யூத வேதநூல் இரண்டாவதாகக் கூறியதையே ஒத்துள்ளது. எவ்வாறாயினும் ஊரும் மீண்டது, நபியும் மீண்டார்கள் என்பதில் கருத்து வேறுபாடில்லை.

சுரைக்கொடியின் நிழல்

இறை ஆணைப்படி மீன் அவர்களைச் செடிகொடியற்ற வெட்டவெளிக் கரையில் உமிழ்ந்தது. அவர்கள் மிகவும் நலிவுற்றிருந்தார்கள். அவர்கள் மீது நிழலிட, யக்தீன் என்னும் இனத்துக் கொடி ஒன்றை அல்லாஹ் முளைக்கச் செய்தான். அது சுரைக்கொடி என்பது பெரும்பாலான உரையாசிரியர்களின் கருத்து. அதன் இலைகள் அகன்றவை, மிருதுவானவை. அதன் காயைப் பச்சையாகவும் சமைத்தும் உண்ணலாம். நம் வீட்டுப் பந்தலிலும் கூரையிலும் படரும் எளிய கொடியே ஒரு நபிக்கு மருத்துவமனையாகவும் குடிசையாகவும் அமைந்தது. நம் நபி (ஸல்) அவர்களும் சுரைக்காயை விரும்பி உண்டார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரீயில் உள்ளது.

நாளடைவில் அக்கொடி வாடியது. யூனுஸ் (அலை) அவர்கள் அதற்காக வருந்தினார்கள். தாம் நட்டு வளர்க்காத ஒரு கொடிக்காக வருந்துபவர், ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட மனிதர்கள் அழிவதற்காக வருந்த வேண்டாமா என்னும் கருத்தில் அவர்களுக்கு உணர்த்தப்பட்டது. இச்செய்தி நம் உரைநூல்களிலும் உண்டு. யூத வேதநூலில் யோனாவின் வரலாறு நிறைவுறுவதும் இதே கருத்தில்தான். எச்சரிப்பவரின் உள்ளத்தில் எச்சரிக்கப்படுபவரின் மீது இரக்கம் இருக்க வேண்டும் என்னும் பாடத்தை ஒரு வாடிய கொடி கற்றுத் தந்தது.

உடல் தேறிய நபியவர்கள் தம் மக்களிடம் மீண்டார்கள். எந்த ஊரை வெறுத்து வெளியேறினார்களோ அந்த ஊரே ஈமான் கொண்டு அவர்களை வரவேற்றது. எச்சரித்த வேதனை வரவில்லையே என்று அவர்கள் நாணவில்லை. வேதனை வராமல் இருப்பதற்காகத்தானே எச்சரிக்கை செய்யப்படுகின்றது! ஊர் பிழைத்ததே அந்நபியின் வெற்றி.

அம்மக்கள் ஒரு காலம் வரை சுகமாக வாழ விடப்பட்டனர் என்று அஸ்ஸாஃப்பாத் அத்தியாயம் கூறுகின்றது. அந்தக் காலம் முடிவற்றதன்று. பின்வந்த தலைமுறையினர் மீண்டும் ஆணவத்தில் ஆழ்ந்தனர். கி.மு. 612இல் பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து நீனவாவைத் தகர்த்தனர். பாட்டனார் செய்த தவ்பா பேரனுக்குப் போதாது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கெனத் திரும்பியாக வேண்டும்.

தாயிஃப் தோட்டத்தில்

யூனுஸ் (அலை) அவர்களின் பெயர் நம் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் மிகத் துயரமான ஒரு நாளில் ஒலித்தது. நபித்துவத்தின் 10ஆம் ஆண்டில் அண்ணலார் தாயிஃப் நகருக்குச் சென்றார்கள். அம்மக்கள் கல்லால் அடித்து விரட்டினர். குருதி வழிய ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒதுங்கினார்கள். தோட்டத்தின் உரிமையாளர்களான உத்பா, ஷைபா ஆகியோர் இரங்கி, தம் பணியாளர் அத்தாஸ் என்பவரிடம் ஒரு குலைத் திராட்சையைக் கொடுத்தனுப்பினர். அத்தாஸ் கிறிஸ்தவர். அவர் தம் ஊர் நீனவா என்று கூறியதும், நல்லடியாரான யூனுஸ் இப்னு மத்தாவின் ஊரா என்று அண்ணலார் வினவினார்கள். மக்காவைச் சார்ந்த ஒருவர் அப்பெயரை அறிந்திருப்பது கண்டு அத்தாஸ் வியந்தார். யூனுஸ் தம் சகோதரர் என்றும், அவரும் நபி, தாமும் நபி என்றும் அண்ணலார் கூறக் கேட்டு, அவர் அண்ணலாரின் தலையையும் கைகளையும் முத்தமிட்டார்.

அப்பயணத்தின்போதே மலைகளின் வானவர் தோன்றி, அம்மக்களை இரு மலைகளுக்கிடையே நசுக்கிவிட அனுமதி கேட்டார். அண்ணலார் மறுத்தார்கள். இவர்களின் சந்ததியிலிருந்தாவது அல்லாஹ்வை மட்டும் வணங்குவோர் தோன்றுவர் என்று நம்பிக்கை தெரிவித்தார்கள். ஹிஜ்ரி 9இல் தாயிஃப் மக்கள் தாமே வந்து இஸ்லாத்தை ஏற்றனர்.

மீனின் தோழரைப் போன்று ஆகிவிடாமல் பொறுமை காக்குமாறு அல்கலம் அத்தியாயத்தில் நம் நபிக்குக் கட்டளை வந்தது. அதே வேளையில், யூனுஸ் இப்னு மத்தாவை விடத் தாம் சிறந்தவர் என்று எவரும் கூறலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஒருவரின் அனுபவத்திலிருந்து பாடம் பெறலாம். அதைக் கொண்டு அவரைத் தாழ்த்தலாகாது என்னும் ஒழுக்கம் இதில் உள்ளது.

பிற சமுதாயத்தார் போற்றும் நினைவு

யூதர்கள் தங்கள் பாவநிவாரண நாளின் பிற்பகல் வழிபாட்டில் யோனாவின் வரலாற்றை முழுமையாக வாசிக்கின்றனர். சிரியக் கிறிஸ்தவர்கள் நீனவா மக்களின் நோன்பை நினைவுகூர்ந்து மூன்று நாட்கள் நோன்பு நோற்கின்றனர். நமக்கு அண்டையிலுள்ள கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில், குறவிலங்காடு என்னும் ஊரில் இம்மூன்று நோன்பு விழாவின்போது யோனாவின் கடற்பயணத்தை நினைவூட்டும் மரக்கப்பல் ஒன்றைத் தோளில் சுமந்து பவனி செல்வர். மூன்று சமுதாயத்தாரும் மதிக்கும் நபி இவர்கள்.

மோசூலுக்கு எதிரே, பழைய நீனவாவின் மேட்டில், யூனுஸ் (அலை) அவர்கள் அடக்கமாகியுள்ளதாக மக்கள் நம்பிய இடத்தில் பல நூற்றாண்டுகளாக ஒரு பள்ளிவாசல் நின்றது. 2014 ஜூலை 24 அன்று ஐ.எஸ். என்னும் தீவிரவாதக் கும்பல் அதனை வெடிவைத்துத் தகர்த்தது. 2017இல் அப்பகுதி மீட்கப்பட்டபோது, இடிபாடுகளுக்குக் கீழே அக்கும்பல் தோண்டிய சுரங்கங்களில், சனகெரிப்பின் மகன் எசர்ஹத்தோன் காலத்து அசீரிய அரண்மனையின் எச்சங்கள் தென்பட்டன. மக்கள் மீது இரக்கம் கொள்ளக் கற்பித்த நபியின் நினைவிடத்தை, இரக்கமற்றோர் மார்க்கத்தின் பெயராலேயே அழித்தது நம் காலத்தின் பெருந்துயரங்களுள் ஒன்று.

நாம் பெறும் படிப்பினை

நம் மாவட்டம் வானம் பார்த்த பூமி. மழை பொய்க்கும் ஆண்டுகளில் மழைவேண்டித் திடலில் கூடித் தொழுவது நம் வழக்கம். அதற்குப் புறப்படும் முன், பிறர் உரிமைகளை ஒப்படைத்துவிட்டுச் செல்லுமாறும், முதியோரையும் சிறுவரையும் கால்நடைகளையும் உடன் அழைத்துச் செல்லுமாறும் ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. நீனவா மக்கள் செய்ததும் இதுவே. நாம் முதியோரையும் சிறுவரையும் அழைத்துச் செல்கின்றோம். முதலில் கூறப்பட்டதை நிறைவேற்றிவிட்டுச் செல்கின்றோமா என்பதே கேள்வி.

பாவமன்னிப்பின் நிபந்தனைகளாகப் பாவத்தை விடுதல், அதற்காக வருந்துதல், இனிச் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல் ஆகிய மூன்றை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் குறிப்பிட்டு, பிறர் உரிமை சம்பந்தப்பட்டதாயின் அதனை உரியவரிடம் சேர்ப்பித்தல் நான்காவது என்கின்றார்கள். உடன்பிறந்தாளுக்குச் சேரவேண்டிய வாரிசுப் பங்கைத் தராமல் கட்டிய வீடு நம்மிடையே இல்லையா? பெண் வீட்டாரிடம் வாங்கிய வரதட்சணையில் தொடங்கிய கடை இல்லையா? பக்கத்து நிலத்தானின் வரப்பைச் சிறிது சிறிதாக வெட்டிச் சேர்த்த வயல் இல்லையா? வக்ஃபுச் சொத்துக்குச் செலுத்த வேண்டிய வாடகை பாக்கி இல்லையா? இவை நம் கடைக்காலில் நாம் வைத்துக்கொண்டுள்ள பிறர் கற்கள். அவற்றை வைத்துக்கொண்டே நாம் கையேந்துகின்றோம்.

அறிவுரை கூறும் பொறுப்பிலுள்ளோருக்கும் இவ்வரலாற்றில் பாடம் உண்டு. தொழுகைக்கு வராத இளைஞரை, சொல் கேளாத குடும்பத்தை, கருத்து மாறுபட்டு விலகி நிற்பவரை, இனித் திருந்தமாட்டார் என்று கைவிட நமக்கு உரிமை இல்லை. கோபித்துக்கொண்டு ஜமாஅத்தை விட்டு ஒதுங்கிச் செல்வோரும், ஒதுக்கி வைப்போரும், யூனுஸ் (அலை) அவர்கள் மீண்டும் அதே ஊருக்குத் திரும்பி வந்ததை நினைக்க வேண்டும். யாரைப் பற்றி நாம் நம்பிக்கை இழந்தோமோ அவர் நாம் இல்லாத நேரத்தில் திருந்தியிருக்கவும் கூடும். அவரை வரவேற்க நாம் ஊரில் இருக்க வேண்டும்.

இம்மலரில் நம் ஜமாஅத்தின் ஓராண்டு வரவு செலவுக் கணக்கு முன்வைக்கப்படுகின்றது. ஒரு ரூபாய் குறைந்தாலும் கேள்வி கேட்கும் உரிமை ஒவ்வோர் உறுப்பினருக்கும் உண்டு, அது முறையானதே. அவ்வாறே ஒவ்வொருவரும் தம் இல்லத்தின் கணக்கையும் ஓர் இரவு தனித்தமர்ந்து பார்ப்போமாக. எந்தக் கல் யாருடையது என்பது நம் உள்ளத்திற்குத் தெரியும். தவணை முடியுமுன் அதனைக் கொண்டு சேர்ப்பவருக்கு அல்லாஹ்வின் அருள்வாயில் திறந்தே இருக்கின்றது. ஒரு மாநகரத்தையே மன்னித்தவன் நம் சிற்றூர்களை மன்னிப்பது அவனுக்கு எளிது.

வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் தன்பால் திரும்புவோராகவும், பிறர் உரிமையைத் திருப்பித் தருவோராகவும், பிரிந்த உள்ளங்களை ஒன்று சேர்ப்போராகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!